கிரேக்கச் சிற்றூர் டவெர்னாவில் மெனுவைப் பார்க்காதீர்கள், சட்டியைப் பாருங்கள்

வெண்டைப்பூ எழுதியது:

ஆகஸ்டில் அம்மாவை அழைத்துக்கொண்டு கிரீஸ் போய் வந்தேன். அம்மாவுக்கு 64 வயது, கும்பகோணம், முட்டைகூடத் தொடமாட்டார். கிளம்புவதற்கு முன் நான் படித்த பயணக் குறிப்புகளில் சைவர்களுக்கு சாலட், உருளை வறுவல், பொரித்த சீஸ் என்றுதான் போட்டிருந்தது. அதை நம்பிப் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஒரு குட்டி ரைஸ் குக்கர் எல்லாம் மூட்டை கட்டினோம். ஏதென்ஸில் மூன்று நாள் அப்படித்தான் ஓடியது. நாஃப்பிலியோ போனபிறகு குக்கரை வெளியே எடுக்கவே இல்லை. இனிப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

நாஃப்பிலியோ கடலோரச் சின்ன ஊர். ஏதென்ஸிலிருந்து பேருந்தில் இரண்டரை மணி நேரம் ஆனது. ஏதென்ஸுக்கு முன்னால் புதிய கிரேக்க நாட்டின் தலைநகராக இருந்தது இந்த ஊர்தான். முதல் ஆட்சித் தலைவர் கபொதிஸ்திரியாஸ் 1831ல் கொல்லப்பட்ட புனித ஸ்பிரிதோன் தேவாலயம் இங்கே ஒரு குறுகிய சந்தில் இருக்கிறது. அந்த வாசலைப் பார்த்துவிட்டுப் படியிறங்கி வரும்போது மணி இரண்டரை. நல்ல வெயில், நல்ல பசி. சதுக்கத்துப் பக்கம் படம் போட்ட மெனு அட்டையோடு ஆட்கள் நின்று கூப்பிட்டார்கள். அதையெல்லாம் தாண்டி உள்தெருவில் எட்டே மேசை போட்ட ஒரு டவெர்னாவில், அதாவது சின்னச் சாப்பாட்டுக்கடையில், உட்கார்ந்தோம்.

கடைக்காரர் மேசைமேல் புதுக் காகித விரிப்பை விரித்து, காற்றில் பறக்காமல் ஓரத்தில் கிளிப் மாட்டினார். மெனுவைக் கையில் கொடுத்தார். நான் கறி வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம் என்று அடுக்க ஆரம்பித்ததுமே மெனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு "வாங்க" என்று கையசைத்து எங்களைச் சமையலறைக்குள் கூட்டிப்போய்விட்டார். பழைய மாதிரி டவெர்னாக்களில் இது வழக்கமாம். வந்தவர்கள் உள்ளே போய் அன்றைக்கு என்ன வெந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லலாம்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அகலமான தட்டுகள் வரிசையாக இருந்தன. பச்சை பீன்ஸ் தக்காளியில் வெந்தது, பெரிய வெள்ளை மொச்சை மாதிரி ஒரு பயறு, சோறு அடைத்த தக்காளியும் குடமிளகாயும், கத்திரிக்காயும் சுரைக்காய் ஜாதிக் காயும் உருளையும் சேர்த்து அடுப்பில் வாட்டியது. கடைசித் தட்டில் குனிந்த அம்மா "ஏய், வெண்டைக்காய்டீ!" என்றார்.

சமைத்த அம்மாளுக்கும் அறுபதுக்கு மேல் இருக்கும். எங்கள் மொழி அவருக்குத் தெரியாது, அவர் மொழி எங்களுக்குத் தெரியாது. ஆனால் அம்மா கேட்டது அவருக்குப் புரிந்துவிட்டது: வழவழப்பு இல்லாமல் எப்படி? பச்சை வெண்டைக்காய் ஒன்றை எடுத்துக் காட்டினார். சுண்டுவிரலில் பாதிதான் இருக்கும். காம்பை ஒரே வெட்டாக வெட்டாமல், பென்சில் சீவுகிற மாதிரி சுற்றிச் சீவினார், உள்ளே விதை தெரியவே இல்லை. அப்புறம் வினிகர் பாட்டிலைக் காட்டி, உப்பைக் காட்டி, ஜன்னல் வழியாக வெயிலைக் காட்டினார். வினிகரும் உப்பும் தெளித்து வெயிலில் வைத்துவிட்டு, கழுவிச் சமைப்பார்களாம். அம்மா பதிலுக்குத் தயிர் இருந்த கிண்ணத்தைக் காட்டி, ஒரு கரண்டி விடுவதுபோல் செய்தார். நம் வீட்டில் அப்படித்தானே. அந்த அம்மாள் புருவத்தை உயர்த்திச் சிரித்தார்.

சாப்பாடு வந்தது. வெண்டைக்காய் முழுசு முழுசாக, தக்காளி, வெங்காயம், ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். காரம் கிடையாது, தாளிப்பு கிடையாது. ஆனால் தக்காளியின் புளிப்பு காய்க்குள் இறங்கி, வாயில் வைத்தால் கரைந்தது. கூடவே ரொட்டி. தட்டில் நிற்கும் எண்ணெயை அந்த ரொட்டியால் துடைத்துச் சாப்பிட வேண்டும், அதுதான் சாப்பாட்டின் பாதி ருசி. அம்மா இரண்டு கூடை ரொட்டி காலி செய்தார். பில் இரண்டு பேருக்கும் 29 யூரோ.

இதை நான் எழுதுவதற்கு ஒரே காரணம்: கிரேக்கச் சாப்பாடு என்றால் க்ரில்லில் வாட்டிய கறி என்று நினைத்து ஒதுங்காதீர்கள். காலையில் சட்டியில் வெந்து மதியம் தீர்ந்துபோகிற சாப்பாடு ஒன்று அங்கே இருக்கிறது. மாயிரெஃப்தா என்பார்கள். சிற்றூர்களில் அதைத் தேடிப் போங்கள்.

தாம்பாவாசி எழுதியது:

அருமையான பதிவு, அக்கா. நான் அமெரிக்காவில் ஃப்ளோரிடா பக்கம் இருக்கிறேன். இங்கே டார்ப்பன் ஸ்பிரிங்ஸ் என்று ஓர் ஊர். கடற்பஞ்சு எடுக்க 1905 வாக்கில் கிரீஸிலிருந்து முக்குளிப்பவர்கள் வந்து குடியேறினார்கள். கலிம்னோஸ், சிமி, ஹால்கி தீவுக்காரர்கள். இன்றைக்கும் தெருப்பெயரே அந்தத் தீவுக்கூட்டத்தின் பெயரில் தொதெகனீஸ் பூலவார்ட். ஜனவரி 6 அன்று பாதிரியார் நீரில் வீசும் சிலுவையை எடுக்கப் பையன்கள் குதிக்கும் திருவிழா பெரிய விசேஷம். அன்றைக்குப் போனால் உட்கார இடம் கிடைக்காது.

இங்கே கிரீக் சாலட் கேட்டால் அடியில் ஒரு கரண்டி உருளைக்கிழங்கு சாலட் வைத்து, மேலே லெட்டூஸ் கீரையும் மற்றதும் அடுக்கித் தருவார்கள். முதல் தடவை ஏதோ தவறாக வந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகுதான் இந்த ஊர்ச் சாலடே அப்படித்தான் என்று தெரிந்தது. எனக்குப் பிடிக்கும். ஆனால் நீங்கள் எழுதிய சட்டிச் சாப்பாடு இங்கே சுற்றுலாக்காரர்களுக்கான கடைகளில் கண்ணில் படவில்லை. கேட்டுப் பார்க்கிறேன்.

அரைப்படி எழுதியது:

எல்லோரும் புகழ்கிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். இரண்டு வருஷம் முன்னால் வேலை விஷயமாகப் போனபோது ஒரு சின்ன ஊரில் இதே மாதிரி பீன்ஸும் அடைத்த தக்காளியும் வாங்கினேன். ஆறிப்போய் இருந்தது. எண்ணெய் தட்டில் ஓடியது. நமக்குச் சாப்பாடு என்றால் ஆவி பறக்க வேண்டும். கேட்காமலே ரொட்டி வைத்துவிட்டுத் தலைக்கு இவ்வளவு என்று பில்லில் சேர்த்துவிட்டார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. லெட்டூஸ் இருக்கிறதோ இல்லையோ, தாம்பாவாசி சொல்கிற அமெரிக்க வகையே நமக்குத் தோதாக இருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே கேட்டால் சூடாகத் தருவார்கள்.

வெண்டைப்பூ எழுதியது:

அரைப்படி அண்ணா, நீங்கள் சொன்ன மூன்றும் நடப்பதுதான். ஆனால் காரணம் தெரிந்தால் கொஞ்சம் வேறு மாதிரி தோன்றும்.

எண்ணெய்: அந்தக் காய்ச் சமையல் வகைக்குப் பெயரே லாதெரா. லாதி என்றால் எண்ணெய். தண்ணீர் அதிகம் விடாமல், காயின் சாறும் எண்ணெயுமாகச் சேர்ந்து மெதுவாக வெந்து, கடைசியில் தண்ணீர் வற்றி எண்ணெய் மட்டும் மேலே நிற்க வேண்டும். நாம் வத்தக்குழம்பில் எண்ணெய் பிரிந்து மேலே வந்தால்தான் பதம் என்கிறோமே, அதே கணக்கு. அங்கே நல்லெண்ணெய் இடத்தில் ஆலிவ்.

ஆறியது: எங்கள் கடைக்காரரிடமும் கேட்டேன். கொதிக்கக் கொதிக்கச் சாப்பிட்டால் எண்ணெயின் மணம் தெரியாது, வெதுவெதுப்பாக இருக்கும்போதுதான் ருசி என்றார். மறுநாள் மிஞ்சியதைச் சாப்பிட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார். பழைய மீன்குழம்பின் அருமை தெரிந்த வீட்டாருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ரொட்டிக் காசு மட்டும் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. சின்னத் தொகைதான், ஆனாலும் முதலிலேயே சொல்லிவிட்டால் நல்லது. வேண்டாம் என்றால் உட்கார்ந்ததுமே சொல்லித் திருப்பி அனுப்பலாம். ஆனால் லாதெரா வாங்கிவிட்டு ரொட்டியைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

பத்ராஸ்நெய்தல் எழுதியது:

நான் ஆராய்ச்சிப் படிப்புக்காகக் கிரீஸின் பத்ராஸ் நகரில் நாலு வருஷமாக இருக்கிறேன், சில விஷயம் சேர்க்கலாம்.

இவ்வளவு சைவச் சமையல் எங்கிருந்து வந்தது என்றால், விரதத்திலிருந்துதான். ஆர்த்தடாக்ஸ் திருச்சபை முறைப்படி புதன், வெள்ளி, ஈஸ்டருக்கு முந்தைய நீண்ட தபசுக் காலம், கிறிஸ்துமஸுக்கு முன் நாற்பது நாள், ஆகஸ்ட் முதல் இரண்டு வாரம் என்று எல்லாம் கூட்டினால் வருஷத்தில் ஏறக்குறைய பாதி நாள் வந்துவிடும். எல்லோரும் இப்போது கடைப்பிடிப்பதில்லை. ஆனால் பாட்டிமார் சமையல் அதில்தான் வளர்ந்தது. இறைச்சி, பால், முட்டை, மீன் எதுவும் கிடையாது. அதனால்தான் பயறும் காயும் கீரையும் இவ்வளவு விதமாகச் சமைக்கத் தெரிந்திருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. விரதச் சாப்பாட்டுக்கு நிஸ்திசிமா என்று பெயர். அதைக் கேட்டு வாங்கினால் சைவம் என்று நம்பிவிடாதீர்கள். முள்ளெலும்பு உள்ள மீன்தான் விலக்கு. ஆக்டோபஸ், கணவாய், இறால், சிப்பி எல்லாம் விரதத்தில் சேரும். என்னைப் பார்க்க வந்த நண்பர் ஒருவர் இதில் மாட்டிக்கொண்டு ரொம்ப வருத்தப்பட்டார்.

சோறு அடைத்த தக்காளி, குடமிளகாய்க்கு யெமிஸ்தா என்று பெயர். கொத்துக்கறி சேர்த்தும் செய்வார்கள், சேர்க்காமலும் செய்வார்கள். கறி சேர்க்காததை "ஒர்ஃபனா" என்பார்கள், அநாதை என்று பொருள். திராட்சை இலையில் சோறு மடித்ததில் கறி இல்லாத வகைக்கு "யலந்ஜி". துருக்கிச் சொல், பொய்யன் என்று அர்த்தம். கறி இருப்பதுபோல் நடிக்கிறதாம். இந்த இரண்டு சொல்லையும் மனப்பாடம் செய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

கோடையில் வந்தால் "வ்லீதா" இருக்கிறதா என்று கேளுங்கள். நம் குப்பைக்கீரை, தண்டுக்கீரை இனம்தான். வேகவைத்து எலுமிச்சை பிழிந்து எண்ணெய் விட்டுத் தருவார்கள். "ஃபாவா" என்று மஞ்சள் பருப்பைக் கடைந்து, மேலே பச்சை வெங்காயமும் எண்ணெயும் விட்டது கிடைக்கும். என் முதல் வருஷத்தில் ஊர் நினைப்பு வந்த ராத்திரிகளில் அதுதான் எனக்குப் பருப்புச்சாதம்.

சீஸ் விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பானவர்கள் கவனிக்க வேண்டும். ஃபெத்தா செம்மறி ஆட்டுப் பாலில் செய்வது, வெள்ளாட்டுப் பால் 30 சதவீதம் வரை சேரலாம். அந்தப் பெயரைக் கிரீஸில் செய்வதற்கு மட்டுமே வைக்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2002ல் முடிவு செய்தது. ஆனால் பாலைத் திரிக்க விலங்கின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பது இங்கே பழைய வழக்கம். அது வேண்டாம் என்பவர்கள் ஃபெத்தா இல்லாமலே சாலட் கேளுங்கள், தருவார்கள். இங்கத்திய கிராமத்துச் சாலடில் லெட்டூஸே கிடையாது. தக்காளி, வெள்ளரி, வெங்காயம், குடமிளகாய், ஆலிவ், அவ்வளவுதான்.

காயல்காற்று எழுதியது:

பயனுள்ள இழை, அல்ஹம்துலில்லாஹ். டிசம்பரில் குடும்பத்தோடு போக நினைக்கிறோம். எங்களுக்குப் பன்றி இறைச்சி கூடாது. சிற்றூர்களில் எப்படிச் சமாளிப்பது? கம்பியில் குத்தி வாட்டுகிற சுவ்லாக்கி ஆட்டுக்கறிதானே?

பத்ராஸ்நெய்தல் எழுதியது:

இல்லை, சகோதரரே. இங்கே சுவ்லாக்கி, கீரோஸ் (கூம்பாக அடுக்கிச் சுழலவிட்டு வாட்டிச் சீவுகிற கறி) என்று வெறுமனே சொன்னால் பெரும்பாலும் பன்றிதான். கோழி தனியாகக் கேட்டால் உண்டு. கறி உருண்டைகளிலும் கலப்புக் கொத்துக்கறி இருக்கலாம். அமெரிக்காவில் கிடைக்கிற மாடும் ஆடும் சேர்த்து அரைத்த கூம்பை நினைத்துக்கொண்டு வந்தால் ஏமாந்துவிடுவீர்கள். ஹலால் முறையில் அறுத்தது வேண்டும் என்றால் சிற்றூர்களில் கஷ்டம். வடகிழக்கில் கொமொத்தினி, க்சாந்தி பக்கம் முஸ்லிம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். கிரீஸும் துருக்கியும் செய்துகொண்ட 1923 மக்கள் பரிமாற்றத்தில் அவர்களுக்கு விலக்கு இருந்தது. அங்கே கிடைக்கும். மற்ற இடங்களில் மீனும் லாதெராவும் உங்களுக்கு நிம்மதி. பிள்ளைகளுக்கு நெத்திலி பொரித்தது பிடிக்கும்.

ஒரு வார்த்தை, நிறைய லாதெரா காய்கள் கோடைக்காலத்தவை. டிசம்பரில் வெண்டைக்காய் தேடாதீர்கள். அப்போது பயறு, முட்டைக்கோஸ், கீரை போட்ட சோறு. வெள்ளைப் பயறு சூப் ஃபசொலாதா சூடாகவே வரும், அரைப்படி அண்ணனுக்கும் பிடிக்கும்.

கரைவலை எழுதியது:

மீன் என்றதும் சொல்ல வேண்டியது. ஊர் பெயரோ கடை பெயரோ வேண்டாம், ஒரு தீவில் நடந்தது. "இன்றைக்குப் பிடித்த மீன்" என்றார்கள், சரி என்றோம். பில் வந்தபோது ஒரு மீனுக்கு 68 யூரோ. மெனுவைத் திரும்பப் பார்த்தால் விலை கிலோவுக்குப் போட்டிருந்தது. நான் கவனிக்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. என் மனைவி அன்றைக்கு முழுக்கப் பேசவே இல்லை.

அதற்கப்புறம் ஒரு சின்னத் துறைமுக ஊரில் சரியான முறை தெரிந்தது. ஐஸ் பெட்டியிடம் போய் மீனைக் கையால் காட்ட வேண்டும். கண் முன்னால் தராசில் வைத்து, எடையும் விலையும் சொன்னபிறகுதான் சரி சொல்ல வேண்டும். நான் மீன்பிடிக்கிற குடும்பம்தான், கண்ணும் செவுளும் பார்த்துப் பழகியவன். தயங்காமல் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். கடைக்காரர் கோபப்படவில்லை, அதற்குப் பிறகு என்னை மரியாதையாகத்தான் நடத்தினார். உறைய வைத்த மீனாக இருந்தால் மெனுவில் அதைக் குறித்திருப்பார்கள், பெயர் பக்கத்தில் "கதெ." என்ற சுருக்கமோ நட்சத்திரக் குறியோ இருக்கும்.

மெனுவின் அடியில் இன்னொரு வரி இருக்கும்: முறையான ரசீது தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்று. அது சட்டப்படி அச்சடிப்பது. ரசீது கேட்க வெட்கப்படாதீர்கள்.

தாம்பாவாசி எழுதியது:

கரைவலை அண்ணா, கிலோ என்றதும் எனக்கு ஒரு சந்தேகம். கிரீஸ் போய்வந்த என் மேலாளர் அங்கே ஒயினையும் கிலோவில்தான் கேட்பார்கள் என்றார். உண்மையா?

பத்ராஸ்நெய்தல் எழுதியது:

உண்மை. கடையில் பீப்பாயிலிருந்து பிடிக்கிற ஒயினை "மிசோ கிலோ" என்று கேட்பார்கள், அரைக் கிலோ. வருவது அரை லிட்டர். பழைய கடைகளில் நெளிந்த தகரக் குவளையில் வரும். பழைய பேச்சு அப்படியே நின்றுவிட்டது.

சாவகச்சேரியான் எழுதியது:

கனடாவில் ஒன்ராறியோவில் இருக்கிறன். இங்கை சின்னச் சின்ன ஊர்களிலை பிரதான தெருவிலை ஒரு சாப்பாட்டுக்கடை இருந்தால் கனதரம் அது கிரேக்கக் குடும்பத்தின்ரையாத்தான் இருக்கும். பர்கரும் பீட்சாவும்தான் முன்னுக்கு, கடைசிப் பக்கத்திலை சுவ்லாக்கி. அன்னாசி போட்ட பீட்சா பிறந்ததே அப்பிடி ஒரு கடையிலைதான், சாத்தம் எண்ட ஊரிலை, 1962இலை, சாம் பனொபூலொஸ் எண்ட கிரேக்கக் குடியேறி செய்தது. எங்கடை ஊர்க் கடையிலை ஒருநாள் முதலாளி அம்மா பின்னுக்கு இருந்து பருப்புச் சூப் குடிக்கிறதைக் கண்டு, அது என்ன எண்டு கேட்டன். மெனுவிலை இல்லை, தங்களுக்கு வச்சது எண்டு சொல்லி எனக்கும் ஒரு கோப்பை தந்தா. அதுக்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் எனக்கு எடுத்து வைப்பா. தங்கச்சி சொன்னது சரி, கேட்டால்தான் வரும்.

வெண்டைப்பூ எழுதியது:

அண்ணா, உங்கள் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், ரொம்ப சந்தோஷப்பட்டார்.

முதல் பதிவில் விட்டுப்போன ஒன்று. சாப்பிட்டு முடித்து பில் கேட்டால், கேட்காமலே ஏதாவது இனிப்போ பழமோ வைப்பார்கள், அதற்குக் காசில்லை. எங்களுக்கு வந்தது ரவை ஹல்வா. அச்சில் ஊற்றிக் கவிழ்த்த கேசரிதான், ஆனால் நெய்யே கிடையாது, எண்ணெய். பட்டை, கிராம்பு, மேலே பட்டைத்தூள். அளவு கேட்டதற்கு அந்த அம்மாள் விரலை மடக்கிக் காட்டினார்: ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எண்ணெய் ஒரு கப், ரவை இரண்டு, சர்க்கரை மூன்று, தண்ணீர் நாலு. அங்கே எல்லா வீட்டுக்கும் தெரிந்த கணக்காம். எண்ணெயில் ரவையைப் பொன்னிறம் தாண்டி, லேசான செம்பழுப்பு வரும்வரை வறுக்க வேண்டும். தனி அடுப்பில் பட்டை, கிராம்பு போட்டுக் கொதிக்கும் சர்க்கரைத் தண்ணீரை அதில் ஊற்றும்போது எகிறும், கையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அம்மா ஊருக்கு வந்து நவராத்திரிக்குக் கடலை எண்ணெயில் செய்தார், கையில் ஒட்டாமல் உதிர்ந்து வந்தது. ஆலிவ் மணம் இல்லாததுதான் குறை என்றார்.

அரைப்படி எழுதியது:

சொன்னால் நம்பமாட்டீர்கள், அடுத்த வாரம் திரும்ப அதே வேலைக்குப் போகிறேன். மெதியோரா மலை மடங்களுக்குக் கீழே இருக்கிற கலம்பாக்காவில் இரண்டு நாள். ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுங்கள், கேட்டுப் பார்க்கிறேன்.

பத்ராஸ்நெய்தல் எழுதியது:

"தி மாயிரெப்சாதே சீமெரா?" இன்றைக்கு என்ன சமைத்தீர்கள் என்று அர்த்தம். மதியம் இரண்டு மணிக்குப் போங்கள். ராத்திரி ஒன்பதுக்குப் போனால் சட்டி காலியாகியிருக்கும், க்ரில் மட்டும்தான்.

அரைப்படி எழுதியது:

போய் வந்துவிட்டேன். ரயில் நிலையம் பக்கம் ஒரு கடை, வெளியே மெனுகூட இல்லை. வாக்கியத்தைச் சொன்னேன், இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பையன் உள்ளே போய் மூடியைத் திறந்து காட்டினான். பச்சைப் பட்டாணி, உருளை, கேரட், அதில் நிறைய மெல்லிசாக ஒரு தழை. சதகுப்பைத் தழை என்று மணத்தில் தெரிந்துகொண்டேன், எங்கள் பாட்டி பிள்ளை பெற்றவர்களுக்கு அதன் விதையைத்தான் கொடுப்பார்.

வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. சூடு பண்ணித் தரச் சொன்னேன், முகம் சுளிக்காமல் செய்தான். பாதி சாப்பிடும்போது ஆறிவிட்டது, அந்தப் பாதிதான் நன்றாக இருந்தது. மறுநாள் அதே கடைக்குப் போய் அவன் கொடுத்த சூட்டிலேயே சாப்பிட்டேன். ரொட்டிக்கு ஒரு யூரோ போட்டிருந்தான், கேட்கவில்லை.